அவையள் ஏன் அப்பிடிப் போட்டவை? பிரதேசங்களும் புள்ளடிகளும்

தேர்தல் முடிவு வாற இரவில் எங்கட கைபேசிகளில் எல்லாம் ஒரே படம்தான் ஓடும். மாவட்டம் மாவட்டமாக நிறம் பூசின இலங்கை வரைபடம். 2019 நவம்பரில் வந்த படம் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். வடக்கு, கிழக்கு, நுவரெலியா எல்லாம் ஒரு நிறம், மிச்ச நாடு முழுக்க இன்னொரு நிறம். 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் மட்டக்களப்பைத் தவிர நாடு முழுக்க ஒரே நிறமாக வந்தது. இடையில் ஐந்து வருஷம்தான்.

படம் வந்த கையோடு விளக்கமும் வந்துவிடும். "யாழ்ப்பாணத்தார் உணர்ச்சிவசப்பட்டுப் போடுற ஆக்கள்." "மட்டக்களப்புச் சனத்தை அபிவிருத்தி எண்டு சொன்னா வாங்கலாம்." "தோட்டத்து ஆக்கள் தலைவர் சொன்ன இடத்திலதான் போடுவாங்க." "முஸ்லிம்கள் எப்பவும் வெல்லுற பக்கம்." "சிங்களவர் எண்டா இனவாதத்துக்குத்தான்." 2024 க்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்தது: "யாழ்ப்பாணம் காட்டிக்குடுத்திட்டுது."

இந்த வசனங்களை எங்கட வீடுகளிலும் கேட்கிறோம், நண்பர்களின் குழுக்களிலும் வாசிக்கிறோம், சில நேரம் நாங்களே சொல்லியும் விடுகிறோம். எல்லாமே ஒரு ஊரின் வாக்கை அந்த ஊர்ச் சனத்தின் குணமாகப் பார்க்கின்றன. ஆனால் கடந்த தொண்ணூறு சொச்சம் வருஷத் தேர்தல் வரலாற்றைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் இந்தக் குணக் கதைகள் ஒன்றும் நிற்காது. ஒரு பிரதேசத்தின் புள்ளடியை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்பது எங்கட வாதம். அரசு அந்த மண்ணுக்கு என்ன செய்தது என்ற நினைவு. வாக்கை ஆசனமாக மாற்றும் விதிமுறை. அந்தத் தேர்தலில் உண்மையாகவே கேட்கப்பட்ட கேள்வி. மூன்றையும் பார்க்காமல் "அவையள் அப்பிடித்தான்" என்று சொல்லுவது சோம்பேறித்தனம்.

முதல் வாக்கும் முதல் பகிஷ்கரிப்பும்

1931 இல் டொனமூர் அரசியல் யாப்பு இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமையைத் தந்தது. 21 வயதுக்கு மேற்பட்ட ஆண்களும் பெண்களும் வாக்களிக்கலாம். ஆசியாவிலேயே மிக முந்திய காலத்தில் கிடைத்த உரிமை இது. ஆனால் எல்லாரும் இதைக் கைதட்டி வரவேற்கவில்லை. படிக்காதவர்களுக்கும் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் வாக்கு என்பதைத் தாங்கமுடியாத தலைவர்கள் எங்கட பக்கத்திலும் இருந்தார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதனே சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர்தான்.

அதே வருஷம் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் வேறொரு காரணத்துக்காகத் தேர்தலையே பகிஷ்கரிக்கச் சொன்னது. இந்த யாப்பு முழுச் சுயராச்சியத்தைத் தரவில்லை என்பது ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்களின் வாதம். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளுக்கும் ஒருவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. 1934 வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகவே கிடந்தன.

இதை எப்படி வாசிப்பது? "யாழ்ப்பாணம் அண்டைக்கே பிரிஞ்சு நிண்டது" என்று வாசிப்பவர்கள் உண்டு. உண்மையில் அந்த இளைஞர்கள் கேட்டது முழு இலங்கைக்குமான விடுதலை. பகிஷ்கரிப்பு என்ற சொல் ஒன்றுதான், ஆனால் 1931 இல் அதற்கு இருந்த அர்த்தமும் 2005 இல் அதற்கு இருந்த அர்த்தமும் வேறு வேறு. 2005 க்குப் பிறகு வருகிறோம்.

வாக்கே இல்லாமல் போன மலை

1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தொகுதிகளில் இருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்கள் பாராளுமன்றம் போனார்கள். சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவில் வென்றார். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி வேட்பாளர்களுக்குக் கை கொடுத்தது. கொழும்பில் ஆட்சி அமைத்தவர்களுக்கு இது நல்லாவே உறைத்தது.

1948 குடியுரிமைச் சட்டம், அதைத் தொடர்ந்து 1949 இல் வந்த சட்டங்கள். பெரும்பாலான மலையகத் தமிழர் குடியுரிமையும் இல்லை, வாக்கும் இல்லை என்ற நிலைக்கு வந்தார்கள். 1952 தேர்தலில் மலையகத்துக்குப் பாராளுமன்றத்தில் ஒரு பிரதிநிதி கூட இல்லை.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. தொகுதிகளைப் பிரிக்கும்போது சனத்தொகையைத்தான் எண்ணினார்கள். வாக்கில்லாத தோட்டத் தொழிலாளரும் தலைக்கணக்கில் வந்தார்கள், வாக்காளர் பட்டியலில் வரவில்லை. அதாவது அவர்களுடைய தலையை எண்ணி ஆசனம் ஒதுக்கப்பட்டது, அந்த ஆசனத்துக்குப் புள்ளடி போட்டவர்கள் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். கண்டிப் பகுதிச் சிங்களக் கிராமத்து வாக்கு ஒன்றுக்கு நாட்டின் வேறு இடத்து வாக்கை விடக் கூடுதல் எடை கிடைத்தது. அந்தக் காலத்துத் தேர்தல் வரைபடத்தைப் பார்த்து "மலைநாடு இப்படிப் போட்டது" என்று சொன்னால், மலையில் பாதிப்பேர் அந்தப் படத்திலேயே இல்லை.

1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. தொண்டமான் மறுபடி தேர்தலில் வென்று பாராளுமன்றம் போனது 1977 இல், நுவரெலியா மஸ்கெலியா என்ற மூன்று உறுப்பினர் தொகுதியின் மூன்றாம் உறுப்பினராக. குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்க்க 1988 இலும் 2003 இலும் கூடச் சட்டம் தேவைப்பட்டது.

இப்போது "தலைவர் சொன்ன இடத்தில போடுற சனம்" என்ற வசனத்துக்கு வருவோம். வாக்கில்லாத அத்தனை வருஷமும் அந்தச் சனத்துக்காகப் பேசியது தொழிற்சங்கம்தான். சம்பளம், பொலிஸ், பிறப்புச் சான்றிதழ், ஆசுபத்திரிக்குப் போக லொறி, எல்லாவற்றுக்கும் போய் நிற்கக்கூடிய ஒரே வாசல் அது. வாக்குக் கிடைத்த பிறகும் நிலைமை உடனே மாறவில்லை. 1987 இன் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த ஒரு பிரிவினால், தோட்டத்துக்குள் ஒரு ரோட்டுப் போடவோ தண்ணிக் குழாய் இழுக்கவோ பிரதேச சபை தன் காசைச் செலவழிக்க முடியாமல் இருந்தது. தோட்டத்து ஆக்கள் சபைக்கு வாக்குப் போடலாம், சபை தோட்டத்துக்கு ஒன்றும் செய்யேலாது! இது திருத்தப்பட்டது 2018 இல். வாசல் ஒன்றே ஒன்று இருக்கும்போது சனம் அந்த வாசலில் நிற்கும். அந்த நிற்பை அடிமைத்தனம் என்று சொல்லுவதற்கு முன், மற்ற வாசல்களை அடைத்தது யார் என்று கேட்கவேண்டும்.

அதே சனம் தேவைப்பட்டபோது தலைவர்களை மாற்றியும் இருக்கிறது. 2010 இல் தொழிலாளர் காங்கிரஸ் மஹிந்த ராஜபக்ஷவை ஆதரித்தது. நுவரெலியா மாவட்டம் சரத் பொன்சேகாவுக்குப் போட்டது. 2024 இல் அங்கே எட்டு ஆசனத்தில் ஐந்தைத் தேசிய மக்கள் சக்தி எடுத்தது. எங்கே போனது தலைவர் சொல்?

வடக்கு எப்போதும் ஒரே மாதிரியா?

வடக்கைப் பற்றிய கதை, 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது, அன்றிலிருந்து வடக்கு தமிழ்த் தேசியத்துக்கே போட்டது என்பது. இதில் பாதி உண்மை. 1952 இல் இரண்டே ஆசனம் வைத்திருந்த தமிழரசுக் கட்சி 1956 இல் பத்து எடுத்தது. 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனம் வென்றது, வட மாகாணத்தின் 14 ஆசனங்களும் அதில் அடக்கம்.

மற்றப் பாதியையும் பார்ப்போம். அதே 1956 இல் பருத்தித்துறையில் வென்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையா. வடமராட்சியில் இடதுசாரிகள் சாதி ஒடுக்குமுறைக்கு எதிராக வேலை செய்த காலம் அது. 1970 இல் அ. அமிர்தலிங்கம் வட்டுக்கோட்டையில் தோற்றார். ஆறு வருஷம் கழித்துத் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியதும் அதே வட்டுக்கோட்டையில்தான்.

எங்களுக்கு எல்லாவற்றையும் விடச் சுவாரசியமானது 1982 ஜனாதிபதித் தேர்தல். ஜே. ஆர். ஜயவர்தன நாடு முழுக்க வென்று, யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் தோற்றார். அங்கே முதலாவதாக வந்தவர் குமார் பொன்னம்பலம், சுமார் 40 வீதம். இரண்டாவதாக வந்தவர் ஹெக்டர் கொப்பேகடுவ, சுமார் 35 வீதம்! தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவந்த அதே சுதந்திரக் கட்சியின் வேட்பாளர். பல்கலைக்கழகத் தரப்படுத்தல் வந்ததும் அவர் அமைச்சராக இருந்த 1970 க்கும் 1977 க்கும் இடைப்பட்ட ஆட்சியில்தான். பிறகேன் யாழ்ப்பாணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவருக்குப் போட்டது?

வெங்காயமும் மிளகாயும். அந்த ஆட்சி இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரரின் வெங்காயத்துக்கும் செத்தல் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. கல்வீடு கட்டினவர்கள், உழவு இயந்திரம் வாங்கினவர்கள் பலர். 1977 க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தோடு வெளிநாட்டு மிளகாய் வந்து விலை விழுந்தது. கொப்பேகடுவ அந்தப் பழைய ஆட்சியின் விவசாய அமைச்சர். படித்த பிள்ளைக்குத் தரப்படுத்தலின் நினைவு, தோட்டம் செய்த தகப்பனுக்கு மிளகாய் விலையின் நினைவு. ஒரே வீட்டுக்குள் ஒரே ஆட்சியைப் பற்றி இரண்டு நினைவுகள் இருக்கலாம். "இனப் பிரச்சினை" ஒரு பக்கம், "சோத்துப் பிரச்சினை" மறுபக்கம் என்று வாக்காளரைப் பிரிக்கிறவர்கள் இந்த 35 வீதத்தைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

கிழக்கின் கணக்கு

கிழக்கில் பல ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும், சில இடங்களில் சிங்களவரும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். அங்கே வாக்குப் போடுகிறவர் கட்சியை மட்டும் பார்ப்பதில்லை, எங்கட ஆள் ஒருவராவது உள்ளே போவாரா என்ற கணக்கையும் பார்க்கிறார். பழைய முறையில் மட்டக்களப்பும் பொத்துவிலும் இரட்டை உறுப்பினர் தொகுதிகளாக இருந்ததற்கே இந்தக் கலப்புத்தான் காரணம்.

1977 இல் வடக்கு முழுவதும் கூட்டணிக்குப் போன அதே அலையில், கல்குடாவில் வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் கே. டபிள்யூ. தேவநாயகம். அவரும் தமிழர். பிறகு நீதி அமைச்சரானார். கூட்டணிக்குக் கிழக்கில் கிடைத்தது நான்கு ஆசனம்.

முஸ்லிம்களின் வாக்கும் இப்படித்தான். 1977 இல் எம். எச். எம். அஷ்ரப் கூட்டணியோடு மேடையேறியவர். 1980களில் தமிழ் முஸ்லிம் உறவு கெட்டு, வன்முறை வந்த பிறகு முஸ்லிம் காங்கிரஸ் தனிக் கட்சியானது. மாவட்ட விகிதாசார முறையில் சிறிய கட்சிக்கும் ஆசனம் கிடைக்க, வெட்டுப்புள்ளி 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைந்தது 1988 இல். அந்த விதி மாறியிருக்காவிட்டால் இன்றைய கிழக்கின் அரசியல் வேறு மாதிரி இருந்திருக்கும்.

1990 ஒக்ரோபரில் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களையும் இங்கே சொல்லவேண்டும். பலர் புத்தளத்தில் வாழ்ந்துகொண்டு, பெயரை மன்னார்ப் பட்டியலில் வைத்திருந்தார்கள். பதிவு என்பது அவர்களுக்கு "நாங்கள் அந்த ஊர்தான்" என்பதற்கான சாட்சி. 2019 நவம்பர் 16 அதிகாலை, வாக்களிக்க மன்னாருக்குப் போன அவர்களுடைய பஸ்கள் மீது வழியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதையும் தாண்டிப் போய் வாக்களித்த சனத்தைப் பார்த்து "வெல்லுற பக்கம்" என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அவர்கள் பெரும்பாலும் போட்ட பக்கம் அந்தத் தேர்தலில் தோற்ற பக்கம்.

2020 இல் அம்பாறையில் தமிழ் வாக்கு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் கருணா அம்மான், மறுபக்கம் கூட்டமைப்பு. முடிவு, அந்த மாவட்டத்திலிருந்து ஒரு தமிழர் கூடத் தெரிவாகவில்லை. 2024 இல் கிழக்குத் தமிழர் கணிசமாகத் தமிழரசுக் கட்சியோடு நின்றதற்கு இந்தப் பாடமும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம். மயிலத்தமடு மேய்ச்சல் தரைப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த காலமும் அதுதான். மட்டக்களப்பு "மாறாமல்" நின்றது உணர்ச்சியால் என்றால், அந்த உணர்ச்சிக்குள் நல்ல கூட்டல் கழித்தலும் இருந்தது.

யாரை வேண்டாம்?

2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.21 வீதம். புலிகளின் பகிஷ்கரிப்பு நிலைப்பாடு அதற்குப் பின்னால் இருந்தது. நம்பி வீட்டில் இருந்தவர்களும் உண்டு, பயந்து இருந்தவர்களும் உண்டு. மஹிந்த ராஜபக்ஷ நாடளாவ வென்றது சுமார் 180,000 வாக்கு வித்தியாசத்தில். பயம் சனத்தை வீட்டில் இருத்துவது வடக்குக்கு மட்டும் உரிய கதையல்ல. 1988 இல் தெற்கில் ஜே.வி.பி. தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொல்லிக் கொலை மிரட்டல் விட்டபோது, 1982 இல் 81 வீதமாக இருந்த நாட்டின் வாக்களிப்பு 55 வீதமாக விழுந்தது. மாத்தறையும் யாழ்ப்பாணமும் இதில் ஒரே அனுபவத்தைத்தான் சுமக்கின்றன.

2010 ஜனவரி. முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டு மாதம். போரை நடத்திய இராணுவத் தளபதிக்குத் தமிழர் புள்ளடி போட்டார்கள். யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்களில் சுமார் 64 வீதம், மட்டக்களப்பில் சுமார் 69 வீதம். தெற்கில் பலருக்கு இது விளங்கவே இல்லை. ஆனால் ஜனாதிபதித் தேர்தல் "உமக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்கவில்லை. இருக்கிறவர் இருக்கட்டுமா, போகட்டுமா என்று கேட்டது. கிடைத்த இரண்டில் ஒன்றால் சனம் பதில் சொன்னது. 2015 இல் மைத்திரிபாலவுக்கும் 2019 இல் சஜித்துக்கும் விழுந்த பெரிய வீதங்களையும் இப்படித்தான் வாசிக்கவேண்டும்.

கேள்வி மாறினால் பதிலும் மாறும். பொன்சேகாவுக்குப் போட்ட யாழ்ப்பாணம் பத்துக் கிழமைக்குப் பிறகு வந்த பாராளுமன்றத் தேர்தலில் கூட்டமைப்புக்கு ஐந்தும், ஈ.பி.டி.பி. போட்டியிட்ட வெற்றிலைக்கு மூன்றும், யானைக்கு ஒன்றும் கொடுத்தது. 2019 இல் 84 வீதத்தோடு ராஜபக்ஷவை வேண்டாம் என்ற மாவட்டம், 2020 இல் சுதந்திரக் கட்சியின் அங்கஜன் இராமநாதனுக்கு மாவட்டத்திலேயே கூடிய விருப்பு வாக்கைக் கொடுத்தது. வேலை, ரோட்டு, வீட்டுத்திட்டம், இதுகளுக்கு யாரிடம் போகலாம் என்பது அந்தத் தேர்தலின் கேள்வி.

2024 உம் அதற்குப் பிறகும்

"யாழ்ப்பாணம் திசைகாட்டிக்குப் போட்டது" என்கிறோம். கணக்கைப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் அநுரகுமார திசாநாயக்கவுக்கு யாழ் மாவட்டத்தில் கிடைத்தது 27,086 வாக்கு. எட்டுக் கிழமைக்குள் தேசிய மக்கள் சக்தி அதை 80,830 ஆக்கியது. பெரிய பாய்ச்சல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அது சுமார் 25 வீதம். நான்கில் மூன்று பேர் வேறு இடங்களுக்குப் போட்டார்கள். அந்த மூன்று பங்கும் தமிழரசு, சைக்கிள், சங்கு, மான், சுயேச்சை என்று சிதறியது. முதலாவதாக வரும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனமும் உண்டு. ஆகவே 25 வீத வாக்கு ஆறில் மூன்று ஆசனமாக மாறியது. வரைபடம் மாவட்டம் முழுக்க ஒரு நிறத்தை அப்பிவிட்டது.

2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி வடக்கில் மீண்டும் முன்னுக்கு வந்தது. "சனம் திருந்திட்டுது" என்றார்கள் சிலர். சனம் திருந்தவும் இல்லை, கெடவும் இல்லை. நவம்பரில் கேட்கப்பட்டது, 2022 இல் எங்களைப் பெற்றோல் வரிசையில் நிற்கவைத்தவர்களையும் ஒன்றுசேர மறுத்த எங்கட தலைவர்களையும் என்ன செய்வது என்ற கேள்வி. மேயில் கேட்கப்பட்டது, எங்கட பிரதேச சபையை யார் நடத்துவது என்ற கேள்வி.

இன்னொரு மௌனமான எண்ணும் இருக்கிறது. 2010 இல் யாழ் மாவட்டத்துக்கு ஒன்பது ஆசனம், 2024 இல் ஆறு. வெளிக்கிட்டுப் போனவர்களின் வாக்கு எந்த நிறத்திலும் தெரியாது.

எங்கட தலைமுறைக்கு இதில் என்ன இருக்கிறது? மற்ற ஊர்க்காரரின் புள்ளடியைத் துரோகம், முட்டாள்தனம், விலைபோதல் என்று முத்திரை குத்தியே இந்தத் தீவின் அரசியல் நடந்திருக்கிறது. வடக்கு கிழக்கைப் பார்த்தும், இரண்டும் மலையகத்தைப் பார்த்தும், எல்லாரும் முஸ்லிம்களைப் பார்த்தும், தெற்கு எல்லாரையும் பார்த்தும் சொன்னது இதைத்தான். அடுத்த முறை அந்த வசனம் வாயில் வரும்போது, அந்த ஊரில் அரசு என்ன செய்தது, வாக்கு எப்படி எண்ணப்பட்டது, என்ன கேட்கப்பட்டது என்று தேடிப் பார்ப்போம். வீட்டில் இருக்கும் அம்மம்மாவிடம் 1977 இல் யாருக்கு, ஏன் போட்டவ என்று கேட்டாலே பாதி வரலாறு கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. வடக்கில் மாகாண சபைத் தேர்தல் கடைசியாக நடந்தது 2013 இல். 38 ஆசனத்தில் 30 ஐக் கூட்டமைப்பு எடுத்தது. 2018 இல் சபையின் காலம் முடிந்தது, அதன்பின் தேர்தல் இல்லை. கிழக்கில் அதற்கும் முதலே முடிந்துவிட்டது. 2013 இல் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இப்போது வாக்கு இருக்கிறது, மாகாண சபைக்கு ஒருக்காலும் புள்ளடி போட்டதில்லை. சனம் ஏன் இப்படிப் போடுது என்று கேட்கிற அளவுக்கு, சனத்திடம் ஏன் இந்த வாக்கைக் கேட்கவே இல்லை என்றும் நாங்கள் சத்தமாகக் கேட்கவேண்டும்.